‘ஃபைல் பண்ணியாச்சு’ என்றால் என்ன? குடும்ப விசா மனுவும் அது போய்ச் சேர வேண்டிய முகவரியும்

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ ஊருக்குப் போன் போட்டு, ‘ஃபைல் பண்ணியாச்சும்மா’ என்று சொல்லும்போது பெரும்பாலும் நடந்திருப்பது ஒன்றுதான். தபால் நிலையத்திலோ கூரியர் கடையிலோ ஒரு தடித்த உறையைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்திருக்கிறார்கள். இங்கே அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிடுவார். ஆனால் குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் அன்றைக்கு எதுவும் நடந்திருக்காது.

மனு ‘தாக்கல்’ ஆகும் நாள் எது என்பதற்கு அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் தெளிவான பதில் இருக்கிறது. அரசு குறித்துக் கொடுத்த இடத்தில் அது உண்மையிலேயே கையில் கிடைத்த நாள்தான் தாக்கல் நாள். தபால் முத்திரை விழுந்த நாளுக்கு அங்கே மதிப்பில்லை. கிடைத்தால் மட்டும் போதாது. கையெழுத்து இருக்க வேண்டும், கட்டணம் சரியாக இருக்க வேண்டும், அப்போது செல்லுபடியாகும் பதிப்புப் படிவமாக இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் உறை திரும்பி வந்துவிடும். திரும்பி வந்த மனுவுக்குத் தேதியே கிடையாது. அது வராத மனு மாதிரிதான்.

நம்மில் பலர் நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் தவிர்த்துத்தான் இந்த மாதிரிக் காகிதங்களை அனுப்புகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் எண்ணப்படுவது உறை புறப்பட்ட நேரமல்ல, வேறொரு ஊரில் ஒரு அறைக்குள் அது போய் விழுந்த நேரம். அந்த ஊரின் ராகுகாலத்தை யார் பார்க்கிறார்கள்?

அந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் முகவரி விஷயம் வெறும் தபால் விஷயம் இல்லை என்று புரியும்.

உறவினருக்காகப் போடும் மனுவுக்கு ஐ-130 என்று பெயர். போடுபவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். குடிமக்களின் கணவன், மனைவி, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. பெற்றோருக்குப் போட மட்டும் பிள்ளைக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மற்ற உறவுகளெல்லாம் வரிசையில் நிற்க வேண்டியவை. உதாரணமாக, அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கான எஃப்4 பிரிவுக்கு ஆண்டுக்கு 65,000 விசா. இது உலகம் முழுமைக்குமான கணக்கு. அதிலும் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று இன்னொரு பூட்டு இருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கான எஃப்4 வரிசை 2006-ஆம் ஆண்டுத் தேதிகளில் நின்றுகொண்டிருந்தது. அதாவது, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால் போட்ட மனுவை அப்போதுதான் கூப்பிட்டார்கள்.

அந்த வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் டோக்கன்தான் முன்னுரிமைத் தேதி. ‘பிரயாரிட்டி டேட்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஐ-130 சரியாகத் தாக்கலான நாள்தான் அது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் எந்தத் தேதி வரை கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பது சில குடும்பங்களில் பஞ்சாங்கம் பார்ப்பது போல ஒரு வழக்கமாகிவிட்டது.

‘பத்தொன்பது வருட வரிசையில் மூன்று வாரம் போனால் என்ன பெரிய நஷ்டம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புல்லட்டின் ஒரு மாதத்தில் ஒரு மாதம் நகர்வதில்லை. சில மாதங்களில் ஓரிரு வாரம் நகரும், சில மாதங்களில் அசையாது, எப்போதாவது பின்னால் போகவும் செய்யும். அப்படிப்பட்ட வரிசையில் மூன்று வாரம் பின்தங்கினால் நிஜத்தில் அது பல மாதங்களாக நீளலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து வயதில் இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனின் திருமணமாகாத பிள்ளைக்கு 2002-இல் வந்த குழந்தைகள் தகுதிநிலைப் பாதுகாப்புச் சட்டம் ஒரு நல்ல சலுகை தந்தது. ஐ-130 தாக்கலான நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலேயே அவருடைய வயது உறைந்துவிடும். விசா வருவதற்குள் 21 தாண்டினாலும் பரவாயில்லை. இப்போது திருச்சியில் இருக்கும் பெண்ணுக்கு இருபது வயதும் பதினோரு மாதமும் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அவசர அவசரமாக அனுப்பிய உறை தவறான இடத்துக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடி அனுப்பிச் சேர்வதற்குள் பிறந்தநாள் கடந்துவிட்டது. வரம்பே இல்லாத பிரிவில் இருந்திருக்க வேண்டியவர், 21 வயது நிறைந்த, திருமணமாகாத பிள்ளைகளுக்கான, ஆண்டுக்கு 23,400 விசா மட்டுமே உள்ள எஃப்1 பிரிவுக்குப் போய்விடுவார். அங்கே காத்திருப்பது மாதக் கணக்கல்ல, வருடக் கணக்கு. ஓர் உறையின் மேல் எழுதிய நான்கு வரிகளில் இருந்த பிழை இவ்வளவையும் செய்யும்.

சரி, அந்த நான்கு வரியை எழுதுவதில் என்ன கஷ்டம்? கஷ்டம் இருக்கிறது. ஒரே வேலைக்குப் பல முகவரிகள் இருப்பதும், அவை மாறிக்கொண்டே இருப்பதும்தான் காரணம்.

முன்பு குடியேற்ற வேலைகளைப் பார்த்தது ஐ.என்.எஸ். என்ற பழைய அமைப்பு. அப்போது உள்ளூர் மாவட்ட அலுவலகத்துக்கே போய் மனு கொடுக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு நெப்ராஸ்காவின் லிங்கன், வெர்மான்ட், டெக்சாஸ், கலிஃபோர்னியா என்று நான்கு பெரிய சேவை மையங்களுக்குத் தபாலில் அனுப்பும் முறை வந்தது. 2003 மார்ச் 1-ஆம் தேதி ஐ.என்.எஸ். கலைக்கப்பட்டு, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் யு.எஸ்.சி.ஐ.எஸ். உருவானது. அதன் பிறகு உறையைப் பிரிக்கும் வேலையும் மனுவைப் படித்து முடிவெடுக்கும் வேலையும் படிப்படியாகத் தனித்தனியாகப் பிரிந்தன. உறையைப் பிரிக்கும் வேலை ‘லாக்பாக்ஸ்’ எனப்படும் இடங்களுக்குப் போனது.

லாக்பாக்ஸ் என்பது வங்கித் தொழிலில் பிறந்த சொல். மின்சாரக் கம்பெனி, காப்பீட்டுக் கம்பெனி மாதிரியான நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கில் செக் தபாலில் வரும். அதைக் கம்பெனி ஆட்களே பிரித்து வங்கிக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, ஓர் அஞ்சல் பெட்டிக்கு வரவழைத்து, வங்கியே அதை நேராக எடுத்துக் கணக்கில் சேர்த்துவிடும். குடியேற்றக் கட்டணமும் இதே மாதிரிக் குவிகிற பணம்தானே. அமெரிக்கக் கருவூலத்தின் நிதி முகவராக இருக்கும் வங்கி அந்த வேலையைச் செய்கிறது.

இந்த ஒரு விஷயம் விளங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். உங்கள் உறையை முதலில் பிரிப்பவர் குடியேற்ற அதிகாரி அல்ல. அவர் உங்கள் திருமணம் உண்மையா, அண்ணன் உண்மையிலேயே அண்ணன்தானா என்றெல்லாம் பார்க்க மாட்டார். கையெழுத்து இருக்கிறதா, பணம் சரியா, படிவத்தின் அடியில் அச்சிட்ட பதிப்புத் தேதி செல்லுமா, இந்தப் படிவம் இந்தப் பெட்டிக்கு வர வேண்டியதுதானா, அவ்வளவுதான். ‘ஐயா, அவசரத்தில் பழைய படிவத்தில் எழுதிவிட்டேன், தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று உருக்கமாக ஒரு கடிதம் இணைத்தால், அதைப் படித்து மனமிரங்க அங்கே ஆள் இல்லை. காகிதங்கள் ஸ்கேன் ஆகும், பணம் கணக்கில் ஏறும், ரசீது எண் விழும். இல்லாவிட்டால் எல்லாம் மறுபடி உறைக்குள் போய் உங்கள் வீட்டுக்கே வந்துவிடும்.

ஸ்கேனர் என்றதும் ஒரு விஷயம். நம் ஆட்களுக்குக் காகிதக்கட்டை அழகாகக் கட்டி அனுப்புவதில் ஒரு பெருமை உண்டு: ஸ்பைரல் பைண்டிங், பிளாஸ்டிக் உறை, ஓட்டை போட்டு டேக் கயிறு. அங்கே இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். ஒற்றைப் பக்க அச்சு, ஸ்டேப்ளர் இல்லை, ஓட்டை இல்லை என்பதுதான் அவர்கள் கேட்பது. பிள்ளையார் சுழி போட்டே தீர வேண்டும் என்றால் உங்களிடம் வைத்துக்கொள்ளும் நகலில் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளும் அப்படித்தான்.

இனி முகவரிக்கு வருவோம். ஐ-130 வாங்கும் லாக்பாக்ஸ்கள் சிகாகோ, எல்ஜின், டல்லஸ், ஃபீனிக்ஸ் என்று பல ஊர்களில் இருக்கின்றன. எதற்கு அனுப்புவது என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கும். முதல் கேள்வி, மனுப் போடுபவர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார்? யாருக்காகப் போடுகிறோமோ அவர் மதுரையில் இருந்தாலும் மட்டக்களப்பில் இருந்தாலும் முகவரி மாறாது. இரண்டாவது கேள்வி, உறவினர் ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருந்து, அங்கேயே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 படிவத்தையும் சேர்த்து அனுப்புகிறாரா? தனியாகப் போகும் ஐ-130-க்கு ஒரு முகவரி, ஐ-485-உடன் சேர்ந்து போகும் ஐ-130-க்கு வேறு முகவரி. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். நண்பர் தன் மனைவிக்கு இரண்டையும் சேர்த்து அனுப்பியிருப்பார். அவரிடம் முகவரி வாங்கி, ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தனி ஐ-130 அனுப்பினால் அது வேறு கதவைத் தட்டும்.

இதற்கு மேல் ஒவ்வொரு லாக்பாக்ஸுக்கும் இரண்டு முகவரிகள். ஒன்று அமெரிக்கத் தபால் துறை வழியாக அனுப்புபவர்களுக்கு. அதில் அஞ்சல் பெட்டி எண் இருக்கும். மற்றொன்று ஃபெடெக்ஸ், யு.பி.எஸ்., டி.எச்.எல். வழியாக அனுப்புபவர்களுக்கு, அதில் தெருவும் கதவு எண்ணும் இருக்கும். தபால் துறையின் பெட்டிக்குள் தனியார் கூரியர் கொண்டுபோய்ப் போட முடியாது என்பதால்தான் இந்த இரட்டை ஏற்பாடு. பணம் அதிகம் கொடுத்து ஓரிரவில் சேரும் கூரியரில் அனுப்பிவிட்டு, அதன் மேல் அஞ்சல் பெட்டி முகவரியை எழுதிவைத்தால், அந்த உறை ஓரிரவில் எங்கும் சேராது.

நம் ஊரில் முகவரி என்பது ஒரு வழிகாட்டல். ‘மாரியம்மன் கோயில் எதிர்ச் சந்து, பழைய ரைஸ் மில் பக்கம்’ என்று எழுதினாலும் கூரியர் பையன் ஒரு போன் போட்டு வந்து சேர்ந்துவிடுவான். லாக்பாக்ஸ் முகவரி அப்படிப்பட்டதல்ல. ஒரே கட்டடத்துக்கு எத்தனையோ வகைப் படிவங்கள் வருகின்றன. ‘கவனத்துக்கு: ஐ-130’ என்ற வரியும், பெட்டி எண்ணும், பின்கோடுக்குப் பின்னால் கோடு போட்டு வரும் நான்கு இலக்கமும் உறை எந்தத் தட்டில் விழ வேண்டும் என்று சொல்பவை. மரியாதைக்கு எழுதும் வரி என்று நினைத்து அதை விட்டுவிடக்கூடாது.

இத்தனை சொல்லிவிட்டு ஒரு முகவரியைக்கூட நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். சிகாகோ லாக்பாக்ஸின் கூரியர் முகவரி பல ஆண்டுகள் நகரத்தின் நடுவே சவுத் டியர்பார்ன் தெருவில் இருந்தது. எல்ஜின், சிகாகோவுக்கு வடமேற்கே இருக்கும் வேறு ஊர். பிற்பாடு வந்து சேர்ந்தது. ஃபீனிக்ஸ் லாக்பாக்ஸுக்கான கூரியர் முன்பு விமான நிலையத்தை ஒட்டிய பகுதிக்குப் போனது, பிறகு பக்கத்து ஊரான டெம்பிக்கு மாறியது. எந்த மாநிலம் எந்த லாக்பாக்ஸுக்கு என்ற பட்டியலையும் வேலைப்பளுவைப் பார்த்து மாற்றுகிறார்கள். கட்டுரையில் அச்சான முகவரி பழைய பால் மாதிரி. யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் ஐ-130-க்கென்று நேரடித் தாக்கல் முகவரிகள் என ஒரு தனிப்பக்கம் இருக்கிறது. அனுப்புகிற அன்று காலையில் அதைப் பார்த்து எழுதுவதுதான் ஒரே வழி. போன வருடம் அனுப்பிய மச்சானிடம் கேட்பது வழியல்ல.

சரியான முகவரிக்கு நேரத்தோடு அனுப்பியும் கெட்டுப்போன கதை ஒன்று உண்டு. குடும்ப விசா அல்ல, ஆனால் அதே சிகாகோ தபால்தான். சிறு வயதில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்கான டாகா பாதுகாப்பை முடித்துக்கொள்வதாக 2017 செப்டம்பர் 5 அன்று அரசு அறிவித்தது. புதுப்பிக்கத் தகுதியுள்ளவர்களின் விண்ணப்பம் அக்டோபர் 5-க்குள் கையில் கிடைத்தாக வேண்டும் என்பது கெடு. பலர் வாரக்கணக்கில் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். சிகாகோப் பகுதியில் தபால் தேங்கிப்போய், அவை கெடு தாண்டிச் சேர்ந்தன. கெடு நாளிலேயே அஞ்சல் பெட்டிக்கு வந்துவிட்டும், அன்றைக்கு உறைகளை எடுத்துப்போகும் நேரம் முடிந்துவிட்டதால் மறுநாள் தேதி விழுந்தவையும் உண்டு. எல்லாவற்றையும் காலதாமதம் என்று திருப்பி அனுப்பினார்கள். பத்திரிகைகள் எழுதின, தபால் துறை தன் பக்கத் தாமதத்தை ஒப்புக்கொண்டது, நவம்பர் நடுவில் யு.எஸ்.சி.ஐ.எஸ். இறங்கிவந்து தபாலால் தாமதமானவற்றை மறுபடி வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. அத்தனை பேர் குரல் எழுப்பியதால் நடந்தது அது. தனி ஒரு குடும்பத்தின் ஒற்றை உறைக்கு அப்படி யார் எழுதுவார்கள்?

தபால் முத்திரைத் தேதியையே ஏற்றுக்கொண்ட விதிவிலக்கும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கச் சிலருக்கு வழிவிட்ட லைஃப் சட்டத்தின் கீழ் 2001 ஏப்ரல் 30 வரை கொடுத்த அவகாசத்துக்கு, அன்றைய முத்திரை இருந்தாலே போதும் என்று விதி எழுதினார்கள். அப்படித் தனியாக எழுத வேண்டியிருந்தது என்பதே பொது விதி எப்படிப்பட்டது என்று காட்டிவிடுகிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஐ-130 கட்டணம் 535 டாலராக இருந்தது 2024 ஏப்ரல் 1 முதல் காகித மனுவுக்கு 675, இணையவழி மனுவுக்கு 625 என்றானது. 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு பொதுவாகக் காகித மனுவோடு செக்கோ மணி ஆர்டரோ வைக்க முடியாது. கார்டில் கட்ட ஜி-1450 படிவத்தையும், வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்ட ஜி-1650 படிவத்தையும் நிரப்பி வைக்க வேண்டும். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பெயரில் செக் எழுதுவது எப்படி என்று விளக்கும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இணையவழி என்று ஒன்று இருக்கும்போது தபால் எதற்கு? நல்ல கேள்வி. கணக்குத் திறந்து இணையத்திலேயே ஐ-130 போட்டால் முகவரிப் பிரச்சினையே இல்லை, பணமும் 50 டாலர் மிச்சம், ரசீது எண்ணும் உடனே கிடைக்கும். அமெரிக்காவுக்குள் இருந்து ஐ-485 போடுபவர்கள்கூட ஐ-130-ஐ இணையத்தில் போட்டு, அதன் ரசீதை வைத்து மற்றதைத் தபாலில் அனுப்பலாம். என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் இணையத்தில் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்ப விரும்புபவர்கள், ஸ்கேன் செய்து ஏற்றத் தெரியாத பெரியவர்கள், காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நிம்மதி என்பவர்கள் என்று தபால்காரரை நம்புகிற கூட்டம் இன்னும் இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் அமெரிக்கக் குடிமக்கள் முன்பு சில ஊர்களில் இருந்த யு.எஸ்.சி.ஐ.எஸ். கிளைகளிலேயே மனுக் கொடுத்தார்கள். 2020 பிப்ரவரி முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. இப்போது சென்னையில் குடியிருக்கும் அமெரிக்கக் குடிமகனும் இணையத்தில் போட வேண்டும், அல்லது லாக்பாக்ஸுக்கு அனுப்ப வேண்டும். தூதரகம் நேராக வாங்கிக்கொள்வது அவசரமான, விதிவிலக்கான நிலைமைகளில் மட்டும்.

உறை ஏற்கப்பட்டுவிட்டால் ஐ-797 என்ற ரசீதுக் கடிதம் வரும். அதிலுள்ள 13 இலக்க எண்ணின் முதல் மூன்று எழுத்துகள் பழைய வரலாற்றைச் சுமந்துகொண்டிருப்பவை. எல்.ஐ.என். என்றால் லிங்கன், எம்.எஸ்.சி. என்றால் மிசௌரி. இப்போது அதிகம் விழும் ஐ.ஓ.இ. என்பது மின்னணு அமைப்பின் அடையாளம்.

இந்தக் கட்டத்தில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். லாக்பாக்ஸின் வேலை முடிந்துவிட்டது. விட்டுப்போன ஒரு சான்றிதழை ‘அதே முகவரிக்கு’ அனுப்பினால் அது எந்தக் கோப்போடும் சேராமல் அலையும். கூடுதல் ஆதாரம் வேண்டும் என்று அவர்கள் கடிதம் எழுதினால், பதிலை எங்கே அனுப்ப வேண்டும் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அந்தக் கடிதத்தையே மேலே வைத்து, அதில் சொன்ன இடத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழில் இருக்கும் பத்திரங்களுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். கேட்காதவரை அசலை அனுப்பாதீர்கள், நகல் போதும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன்னால் பிறந்த நம் பெற்றோரில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்காது. ‘பதிவு இல்லை’ என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் நடந்து வாங்கிய ஒரே அசலைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?

மனு அங்கீகரிக்கப்பட்டதும் கோப்பு வேறு துறைக்கு, வேறு ஊருக்குப் போகிறது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து வெளியுறவுத் துறைக்கு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் உள்ள தேசிய விசா மையம், சுருக்கமாக என்.வி.சி. 1991-இல் மூடப்பட்ட பீஸ் விமானப்படைத் தள வளாகத்தில் 1994 முதல் இயங்குகிறது. லட்சக்கணக்கான குடும்பங்களின் திருமணச் சான்றிதழ்களும் வருமான வரிக் காகிதங்களும் ஒரு பழைய போர் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது எனக்கு எப்போதும் விசித்திரமாகத் தோன்றும்.

என்.வி.சி. தரும் வழக்கு எண்ணின் முதல் மூன்று எழுத்து, நேர்காணல் நடக்கும் ஊரைச் சொல்லும். இந்தியர்களுக்கான குடும்பக் குடியேற்ற நேர்காணல்கள் பெரும்பாலும் மும்பையில் நடப்பதால் பி.எம்.பி. என்று தொடங்கும். பம்பாயின் சுருக்கம். ஊர் பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் குறியீடு மாறவில்லை. சென்னைக்கு எம்.டி.ஆர்., அதாவது மெட்ராஸ். கொழும்புக்கு சி.எல்.எம். அடுத்து வரும் நான்கு இலக்கம் ஆண்டு. அதற்கடுத்த மூன்று இலக்கத்தில் 500-ஐக் கழித்தால் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் வழக்கு திறக்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் பழைய அறிவுரைகள்தான் பெரிய எதிரி. முன்பு ஸ்பான்சர் செய்பவரின் ஐ-864 உறுதிமொழியையும் சான்றிதழ்களையும், பார்கோடு போட்ட முகப்புத்தாளோடு போர்ட்ஸ்மவுத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. அப்போது அனுப்பியவர்கள் இப்போது அனுப்புகிறவர்களுக்கு வழி சொல்கிறார்கள். இன்று குடியேற்ற விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவம் முதல் சான்றிதழ் ஸ்கேன் வரை எல்லாம் வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. ஸ்பான்சர் பத்திரச் சோதனைக்கு 120 டாலர், விசா விண்ணப்பத்துக்கு ஆளுக்கு 325 டாலர்; இரண்டும் அங்கேயே கட்டலாம். அவர்களே எழுதிக் கேட்டால் ஒழிய அங்கே உறை அனுப்ப வேண்டிய தேவை இல்லை. அசல்கள் நேர்காணலுக்காகக் கையோடு, அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்துக்குப் போகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியவை.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே உண்டு. விசா கிடைக்கும் நிலை வந்துவிட்டது என்று அறிவித்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்காமல் இருந்தால் பதிவையே ரத்து செய்ய சட்டத்தில் இடமிருக்கிறது. அறிவிப்பு எங்கே போகும்? மனுப் போட்டபோது கொடுத்த முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும். பத்தொன்பது ஆண்டு வரிசையில் ஒரு குடும்பம் எத்தனை வீடு மாறும், எத்தனை மின்னஞ்சல் கணக்கை மறந்துபோகும் என்று யோசித்துப் பாருங்கள். மனு போகும் முகவரியை நூறு முறை சரிபார்க்கிறவர்கள், பதில் வரும் முகவரியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தபால் நிலையத்தில் ‘புது வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று எழுதிக்கொடுத்தால் மற்றக் கடிதங்கள் வரும், யு.எஸ்.சி.ஐ.எஸ். கடிதம் வராது. அவர்களிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும். கிரீன் கார்டுக்காரர்கள் உட்பட, குடிமக்கள் அல்லாதவர்கள் வீடு மாறிய 10 நாளுக்குள் ஏ.ஆர்.-11 என்ற முகவரி மாற்றப் படிவம் மூலம் தெரிவிப்பது சட்டப்படிக் கடமையும்கூட.

கடைசித் தபால் அம்மா விமானம் ஏறிய பிறகு வருவது. விசா முத்திரையோடு இறங்கியதும், விமான நிலையத்தில் போடும் நுழைவு முத்திரையே ஓராண்டுக்குத் தற்காலிக கிரீன் கார்டாகச் செல்லும். அசல் அட்டை பிறகு, குடியேற்றக் கட்டணமான 235 டாலரைக் கட்டியபின், தபாலில் வரும். அது மகன் வீட்டு முகவரிக்கு, அம்மா பெயரில் வரும். நம் பெயர்களின் சிக்கல் இங்கேதான் தலைகாட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று எதுவும் இல்லாமல் ‘செல்வி’ என்று மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு., அதாவது ‘முன்பெயர் தெரியவில்லை’ என்று ஏறும். மகனுக்கோ அப்பா பெயர் குடும்பப் பெயர். அடுக்குமாடிக் குடியிருப்பின் தபால் பெட்டியில் மகன் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். அப்படி ஒரு பெயரில் வந்த உறையைப் பார்த்த தபால்காரர், இந்த வீட்டில் இப்படி யாரும் இல்லை என்று திருப்பிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்படித் திரும்பிப்போன அட்டைக்கு என்ன ஆகும் என்பதற்கும் விதி இருக்கிறது. 2018 ஏப்ரல் 2 முதல், சேர்க்க முடியாமல் திரும்பிவந்த அட்டையை யு.எஸ்.சி.ஐ.எஸ். 60 வேலை நாள் வைத்திருக்கும். அதற்குள் உரியவர் சரியான முகவரி சொல்லவில்லை என்றால் அழித்துவிடும். பிறகு புது அட்டைக்குத் தனி மனு, தனிக் கட்டணம், மறுபடியும் ஒரு முகவரி. விஷயம் தெரிந்தவர்கள் அம்மா வந்து இறங்குவதற்கு முன்பே ஒரு துண்டுச் சீட்டில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே அவர் பெயரை எழுதி, தபால் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்துவிடுகிறார்கள்.